உங்கள் வரிப் பங்கு எவ்வளவு, அது நியாயமா? ஒரு நோட்டில் போட்டுப் பார்க்கும் கணக்கு

டீக்கடையில் வரிப் பேச்சு எடுத்தால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இரண்டே கட்சிதான். "நாங்க கட்டுற வரியிலதானே உங்களுக்கு ரேஷனும் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும்" என்பார் சம்பளக்காரர். "அப்ப நாங்க ஒண்ணுமே கட்டலையா மாப்ள" என்று எகிறுவார் கடலுக்குப் போகிறவர். டீ ஆறிப்போகிற வரைக்கும் சத்தம் போடுவார்கள், ஆனால் இரண்டு பேர் கையிலும் கணக்கு இருக்காது. அந்தக் கணக்கைப் போடத்தான் இந்தக் குறிப்பு. பாம்பனோ தங்கச்சிமடமோ, தொண்டியோ வாலிநோக்கமோ, எங்கே இருந்தாலும் வேண்டியது ஒரு நோட்டு, ஃபோனில் இருக்கிற கால்குலேட்டர், ஒரு மாதப் பொறுமை. நோட்டுக்கு வரி கிடையாது, 2025 செப்டம்பர் 22 முதல் அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, எனவே இந்தக் கணக்கைத் தொடங்குவதற்கே வரி கட்ட வேண்டியதில்லை.

முதலில் எதை அளக்கிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். "நான் வருஷத்துக்கு ரெண்டு லட்சம் கட்டுறேன், நீ எவ்வளவு கட்டுற" என்று ரூபாயை வைத்துப் பேசினால் பேச்சு உருப்படாது. படகில் பங்கு பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். ஏலத்தில் வந்த பணத்தை வந்தபடியே யாரும் பிரிப்பதில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில்தான் படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும், வலைக்கு வலை மாறும், ஆனால் செலவைக் கழிக்காமல் பங்கு போட்டால் அன்றைக்கே கரையில் கைகலப்பு. வரியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சோறு, வாடகை, மருந்து, பிள்ளை படிப்பு என்று விட முடியாத செலவெல்லாம் போக ஒரு வீட்டில் என்ன மிஞ்சுகிறதோ, அந்த மிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை ரூபாய் வரியாகப் போகிறது? அதுதான் பங்கு. கட்டிய ரசீதின் கனத்தை வைத்து யாரும் மார்தட்ட வேண்டாம்.

ஆக நோட்டில் மூன்று எண் வேண்டும்: வருமானம், விட முடியாத செலவு, வரி. முதல் இரண்டும் உங்களுக்கே தெரியும். மூன்றாவதுதான் ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுப்பதில்தான் வேலை அதிகம்.

கடை பில்லில் ஒளிந்திருப்பது

ஒரு மாதத்துக்கு எல்லா பில்லையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பில் இல்லாத இடத்தில் நோட்டில் எழுதுங்கள். பில்லின் அடியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு தொகை பிரிந்து நிற்கும், ஒன்று மத்திய அரசுக்கு, இன்னொன்று மாநிலத்துக்கு, சரிபாதி. பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பி என்றால் வரி அதற்குள்ளேயே இருக்கிறது, அதைப் பிரிக்கத்தான் கொஞ்சம் கணக்கு. 5 சதவீதப் பொருள் என்றால் விலையை 21-ஆல் வகுங்கள், வருவது வரி. 18 சதவீதம் என்றால் 6.56-ஆல் வகுங்கள். பலரும் 100 ரூபாயில் 18 ரூபாய் வரி என்று போடுகிறார்கள், அது தப்பு. 118-இல் தான் 18, எனவே 100-இல் 15 ரூபாய் 25 காசு.

எது எந்த சதவீதம்? 2025 செப்டம்பருக்குப் பிறகு இது முன்பைவிட எளிது, 12-ம் 28-ம் பெரும்பாலும் போய்விட்டன. சில்லறை அரிசி, காய்கறி, பால், முட்டை, பச்சை மீன், உப்பு எல்லாம் பூஜ்யம். சமையல் எண்ணெய், சர்க்கரை, டீத்தூள், பாக்கெட் மசாலா, பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, மருந்து, சமையல் கேஸ், 2,500 ரூபாய்க்குள் வாங்கும் துணியும் செருப்பும் 5. சோப்புத் தூள், ஃபோன், ஃபோன் ரீசார்ஜ், டிவி, சிமெண்ட், சாதாரண பைக் எல்லாம் 18. அரிசியையே பெயர் அச்சடித்த 25 கிலோ பையில் வாங்கினால் 5 வந்துவிடும், மூட்டையைப் பிரித்து அளந்து வாங்கினால் கிடையாது. இதில் ஏதாவது சந்தேகம் என்றால் கடைக்காரரைக் கேளுங்கள், அவருக்கு மனப்பாடம்.

ரீசார்ஜை மறந்துவிடாதீர்கள். வீட்டில் மூன்று ஃபோன் இருந்தால் மளிகையில் கட்டுகிற வரியைவிட அதில் கட்டுவது கூடப் போகலாம். ஐஸுக்கும் வலைக்கும் பில் வாங்கினால் அதிலும் வரி தெரியும், அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

அப்புறம் டாஸ்மாக். வீட்டுக்காரர் எழுத மாட்டார், அக்காமார்களே, நீங்கள் எழுதுங்கள். மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதன் மீது மாநிலம் தனியாகக் கலால் வரியும் விற்பனை வரியும் போடுகிறது, 2023-24இல் மட்டும் அந்த வகையில் தமிழ்நாட்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. பாட்டில் விலையில் பாதி வரி என்று போட்டாலும் அது குறைத்துச் சொன்னதாகத்தான் இருக்கும். குடிப்பதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் "ஒன்றும் கட்டாதவர்கள்" என்று யாரைச் சொல்கிறார்களோ அவர்கள் தெருவில் இருந்துதான் இந்தப் பணத்தில் பெரும்பங்கு போகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

பெட்ரோலும் படகு டீசலும்

பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பவை. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு மத்திய கலால் வரி பெட்ரோல் லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு, டீசலுக்கு 17 ரூபாய் 80 காசு என்று ஆனது, இந்தக் கணக்கு முழுக்க அந்த விகிதம்தான். அதற்கு மேல் தமிழ்நாட்டின் விற்பனை வரி: பெட்ரோலுக்கு 13 சதவீதமும் கூடவே 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். பெட்ரோல் நூறு ரூபாய் ஓட்டத்தில் விற்கும்போது லிட்டருக்கு 43 ரூபாய் பக்கம் வரி என்று வைத்துக்கொள்ளலாம். பைக்குக்கு மாதம் 10 லிட்டர் போட்டால் 430 ரூபாய். சைக்கிளில் போகிறவர் இந்த இடத்தில் மட்டும் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த ஏப்ரல் உயர்வைப் பலர் கவனிக்கவே இல்லை. புதிய பாம்பன் பாலம் 6-ஆம் தேதி திறந்தது, 550 கோடிக்கு மேல் செலவு, நாமெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம். 8-ஆம் தேதி கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் கூடியது. பம்பில் விலை ஏறவில்லை, அதனால் யாரும் பேசவில்லை. கச்சா எண்ணெய் விலை அப்போது இறங்கியிருந்தது, அந்த இறக்கம் நம் கைக்கு வராமல் வரியாக மாறிவிட்டது, அவ்வளவுதான். விலை ஏறாமலும் வரி ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இப்போது தனிப் பக்கத்துக்கு வருவோம். மீன்பிடிப் படகுக்கு மாநில அரசு விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தபடி விசைப்படகுக்கு வருஷம் 19,000 லிட்டர், இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். இதை வைத்து "உங்களுக்குத்தான் வரியே இல்லையே" என்பார்கள். விட்டுக்கொடுத்தது மாநிலத்தின் வரி மட்டும்தான், மத்திய கலால் வரி உள்ளேயேதான் இருக்கிறது. 4,400 லிட்டருக்கு 17.80 வீதம் 78,320 ரூபாய். இதை யார் கட்டுகிறார்கள்? படகுக்காரர் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் டீசல் செலவைப் பங்குக்கு முன்னால் கழிக்கிறோம் இல்லையா, அப்போது அந்த வரியும் எல்லோர் பங்கிலிருந்தும்தான் கழிகிறது. படகுக்குப் பாதி, நான்கு ஆட்களுக்குப் பாதி என்று பிரிக்கும் படகாக இருந்தால் ஆள் ஒருவருக்கு வருஷம் 9,790 ரூபாய், மாதம் 816. அவர் கையில் ரசீது வராது, பில் வராது, பங்குப் பணம் 816 ரூபாய் குறைந்து வரும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். லாரிக்காரர் டீசல் ஏறினால் வாடகையை ஏற்றுவார். நம்மால் மீன் விலையை ஏற்ற முடியாது, அதை ஏலம் எடுக்கிறவரும் ஏற்றுமதிக் கம்பெனியும்தான் சொல்கிறார்கள், எனவே இந்தப் பாரம் வேறு யார் தலைக்கும் மாறாது.

உங்கள் படகில் பங்கு வேறு மாதிரி என்றால் அந்த விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். டீசல் கணக்கு எழுதுகிறவரிடம் கேட்டால் மாத லிட்டர் தெரியும். ஐஸ், வலை, எஞ்சின் உதிரி பாகம் ஆகியவற்றின் வரியையும் இதே முறையில் பிரித்துச் சேர்க்கலாம். நான் கீழே போட்டிருக்கும் கணக்கில் டீசலை மட்டும் எடுத்திருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை வருபவை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டு வரி ரசீதை எடுத்து 12-ஆல் வகுங்கள். சம்பளக்காரர், கடைக்காரர் என்றால் தொழில் வரி, அரையாண்டுக்கு ஒருமுறை, எங்கே இருந்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது, அரசியல் சட்டமே அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. புது பைக்குக்கு ஆயுள் வரி ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. பத்து வருஷம் ஓட்டுவோம் என்று வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இடம் வாங்கிக் கிரயம் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. இது வாழ்க்கையில் ஓரிரு தடவைதான், மாதக் கணக்கில் சேர்க்காமல் ஓரத்தில் குறித்தால் போதும்.

வருமான வரிதான் சண்டைக்கே மூலம், எனவே சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 4 லட்சம் வரை இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி 24 லட்சத்துக்கு மேல் 30. ஆனால் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி முழுவதும் தள்ளுபடி, சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம் வரை ஒரு பைசா கிடையாது. ஆக டீக்கடையில் மார்தட்டுகிற பாதிப் பேர் இப்போது வருமான வரி கட்டுவதே இல்லை. ரிட்டன் தாக்கல் செய்வதும் வரி கட்டுவதும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய் விளைவித்தால் அது விவசாய வருமானம், வருமான வரி கிடையாது, எத்தனை லட்சம் வந்தாலும். கடலில் மீன் பிடித்தால் அது தொழில் வருமானம். வாலிநோக்கத்தில் கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி உப்பு எடுத்தாலும் விவசாயம் ஆகாது. மூன்றுமே வெயிலையும் மழையையும் நம்பிய பிழைப்புதான், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு மண்ணில் முளைத்தது மட்டும் வேறு.

கீழக்கரைக் காக்காமார்கள் (அங்கே அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பார்கள்) வளைகுடாவிலிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி இல்லை, அமீரகத்தில் சம்பளத்துக்கு வரியே கிடையாது. அதற்காக அந்த வீடுகள் வரிக்கு வெளியே என்று சொல்ல முடியாது. அந்தப் பணம் ஊருக்கு வந்து சிமெண்டாக, டைல்ஸாக, பைக்காக, கிரயப் பத்திரமாக மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் வரி நிற்கிறது. அமீரகத்திலும் 2018 முதல் பொருட்களுக்கு 5 சதவீதம் வரி உண்டு.

கூட்டி வகுத்துப் பார்த்தால்

மூன்று வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, உங்கள் வீட்டில் வேறாக வரும், முறையை மட்டும் பாருங்கள்.

முதல் வீடு, நாட்டுப்படகில் ஆள் பங்குக்குப் போகிறவர். மீன் குறைந்த மாதங்கள் உட்பட வருஷத்தைச் சராசரி போட்டால் மாதம் கையில் 18,000. எண்ணெய், மசாலா, சோப்பு என்று 3,000-க்கு வரி 143, ரீசார்ஜ் 700-க்கு 107, சோப்புத் தூள் வகையறா 500-க்கு 76, கேஸுக்கு 41, துணிமணி 600-க்கு 29, பெட்ரோல் 10 லிட்டருக்கு 430. கூட்டினால் 826. அதோடு கண்ணுக்குத் தெரியாத படகு டீசல் 816. மொத்தம் 1,642 ரூபாய். அந்த 816 பிடிக்கப்படாமல் இருந்தால் அவர் வருமானம் 18,816 என்று வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு 8 ரூபாய் 70 காசு. டாஸ்மாக்கை நான் சேர்க்கவில்லை, சேர்த்தால் எண் எங்கோ போய்விடும்.

இரண்டாவது வீடு, மாதம் 75,000 வாங்கும் ஆசிரியர். வருமான வரி பூஜ்யம். வீட்டுச் செலவு 45,000, அதில் 5 சதவீதப் பொருள் 15,000-க்கும் 18 சதவீதப் பொருள் 8,000-க்கும் வாங்குகிறார் என்றால் வரி 1,934. பெட்ரோல் 30 லிட்டருக்கு 1,290. தொழில் வரி மாதத்துக்கு 208. மொத்தம் 3,432, நூற்றுக்கு 4 ரூபாய் 60 காசு. செலவு பண்ணாமல் சேமித்த 30,000 மீது பொருள் வரி எதுவும் விழவில்லை. இதுதான் சூட்சுமம். கையில் வருவதையெல்லாம் செலவழித்தே ஆக வேண்டியவருக்குப் பொருள் வரி முழு வருமானத்தின் மீதும் விழுகிறது, சேமிக்க முடிந்தவருக்கு ஒரு பகுதி மீதுதான்.

மூன்றாவது வீடு, சென்னையிலோ பெங்களூருவிலோ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் நம் ஊர்ப் பையன், வருஷம் 20 லட்சம். வருமான வரி, அந்த வரிக்கு மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து 1,92,400, மாதம் 16,033. பொருள் வரி ஒரு 6,000. மொத்தம் 22,033, நூற்றுக்கு 13 ரூபாய். அவன் புலம்புவதிலும் உண்மை இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம்.

இனி மிச்சத்துக்கு வாருங்கள். விட முடியாத செலவு, வரி நீங்கலாக, முதல் வீட்டுக்கு 14,500, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு நகர வாடகையோடு 50,000 என்று வைத்தால், மிச்சத்தில் வரியாகப் போவது ஆள் பங்குக்காரருக்கு நூற்றுக்கு 38 ரூபாய், ஆசிரியருக்கு 8-க்கும் கொஞ்சம் குறைவு, கம்ப்யூட்டர் பையனுக்கு 19. ரசீதின் கனத்தில் கடைசியில் நின்றவர் இந்த வரிசையில் முதலில் வந்துவிட்டார்.

"அவங்களுக்கு நிவாரணம் 8,000, மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000, ரேஷன் அரிசி எல்லாம் கிடைக்குதே, அதைக் கழிக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கழிக்கலாம். ஆனால் கழிப்பதென்றால் எல்லோருக்கும் கழிக்க வேண்டும். அரசுச் சம்பளமும் வரிப் பணம்தான், கம்பெனிக்காரருக்குக் கிடைக்கும் சலுகையும் அதுதான், நாம் போகும் சாலையும் அதுதான். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுவதுதான் ஒழுங்கான கணக்கு. ஏழை வீட்டுக்கு மட்டும் வரவைக் கழித்து, மற்றவர்களுக்குக் கழிக்காமல் விடுவதுதான் டீக்கடைக் கணக்கு.

இன்னொரு பரிசோதனையும் செய்து பார்க்கலாம்: ஒரே அளவு சம்பாதிக்கும் இரண்டு பேர் ஒரே அளவு வரி கட்டுகிறார்களா? மேலே போகப் போக இது இடிக்கும். ஒரு கோடி சம்பளம் வாங்குபவர், கூடுதல் வரி எல்லாம் சேர்த்து, நூற்றுக்கு 29 ரூபாய் பக்கம் கட்டுவார். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த கம்பெனிப் பங்குகளை விற்று ஒரு கோடி லாபம் பார்த்தவருக்கு அடிப்படை விகிதம் 12.5 சதவீதம்தான், எல்லாம் சேர்த்தாலும் 14-ஐ ஒட்டித்தான் வரும். சொத்து மீதான செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள், இறந்தவர் சொத்துக்கான வரி 1985-லேயே போய்விட்டது. எனவே ஆசிரியரும் ஆள் பங்குக்காரரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதில் லாபம் அடைகிறவர் டீக்கடைப் பக்கமே வராதவர்.

போன பணம் எந்த வழியில் திரும்புகிறது

இதையும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள், மாநிலப் பேச்சு வரும்போது கை கொடுக்கும். மத்திய வரிகளில் பங்கிடக்கூடிய தொகையில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குப் பிரிக்க வேண்டும் என்றது 2021-26க்கான 15ஆவது நிதிக் குழு, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய 6 சதவீதம். வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் போகட்டும் என்று 45 சதவீத எடை கொடுத்திருந்தது இந்தக் குறைவுக்கு முக்கியக் காரணம். இதை நான் குறை சொல்லப் போவதில்லை, மிச்சம் அதிகம் உள்ளவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடிவிட்டு மாநிலம் என்று வந்ததும் வேறு நியாயம் பேச முடியாது.

என் குறை வேறு இடத்தில். செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயரில் வாங்குவது பங்கிடும் பானைக்குள்ளேயே வராது. டீசலின் 17 ரூபாய் 80 காசில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 80 காசு. அதில் 41 சதவீதம், அதில் 4.079 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள், லிட்டருக்கு 3 பைசா. சாலை செஸ் பணம் சாலையாக வருகிறது என்பார்கள், வரலாம், ஆனால் எந்தச் சாலை என்று முடிவு செய்வது டெல்லி. பங்கு என்ற பேச்சு அங்கே இல்லை.

ஊராட்சியில் கேட்க வேண்டியது

டெல்லியை நம்மால் ஒரே நாளில் கேட்க முடியாது, ஊராட்சியைக் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாட்களில் கிராம சபை. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் வரவு செலவை வாசிக்க வேண்டும். "வீட்டு வரி கேட்பு, வசூல், நிலுவை எவ்வளவு" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள் (கேட்பு என்றால் கட்டச் சொன்ன தொகை), சுற்றி வளைக்க வேண்டாம். நிலுவை யாரிடம் பெரிதாக நிற்கிறது என்று கேட்டால் சபை திடீரென்று அமைதியாகும். ஓலை வீட்டுக்காரர் ஒழுங்காகக் கட்டியிருப்பார், கடற்கரையோரம் புதிதாக எழும்பிய தங்கும் விடுதி பழைய ஓட்டு வீட்டுக் கணக்கிலேயே இருக்கும், இது நடக்கிற கதைதான். அளவெடுத்துத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி நகராட்சியிலோ, தொண்டி, மண்டபம் மாதிரி பேரூராட்சியிலோ இருந்தால் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ஊர் வரியைப் பிரிக்கும்போது

அரசாங்கத்தை இவ்வளவு கேள்வி கேட்டுவிட்டு நம் ஊர்க் கணக்கை விட்டுவிட்டால் எப்படி? கோயில் கொடை, சர்ச் திருவிழா, பள்ளிவாசல் செலவு, எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று சமமாகப் போடுகிறோம். கூடவே ஏலத்தில் கூடைக்கு இவ்வளவு என்று மகமை பிடிக்கும் ஊர்களும் உண்டு. தலைக்கட்டு வரியில் இரண்டு விசைப்படகு வைத்திருப்பவரும், கரையில் வலை பிரிக்கும் கூலிக்காரரும் ஒன்று. சமம் என்று காதுக்கு நன்றாக இருக்கும், மிச்சத்தை வைத்துப் பார்த்தால் இதுதான் இருப்பதிலேயே மோசமான வரி. வெள்ளைக்காரன் உப்புக்குப் போட்டதும் இந்த வகைதான், பணக்காரன் தின்கிற உப்பும் ஏழை தின்கிற உப்பும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால்தான் அது அவ்வளவு வலித்தது. மகமை இதைவிடப் பரவாயில்லை, பாடு, அதாவது மீன் வரத்து, அதிகம் வந்தவரிடம் அதிகம் போகும், ஆனால் டீசல் செலவுகூடத் தேறாத நாளிலும் பிடித்துவிடும்.

மாற்றிப் போடுவது கஷ்டமில்லை. 300 தலைக்கட்டு, 6 லட்சம் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள், சமமாகப் போட்டால் வீட்டுக்கு 2,000. இதற்குப் பதில் பங்கு போடுங்கள்: ஆள் பங்குக்குப் போகும் வீடு 1, விதவை வீடு அரை, நாட்டுப்படகு வீடு 2, விசைப்படகு வீடு 5. ஊரில் இவை முறையே 150, 30, 80, 40 என்றால் மொத்தம் 525 பங்கு, ஒரு பங்கு 1,143 ரூபாய். விதவை வீட்டுக்கு 571, நாட்டுப்படகுக்கு 2,286, விசைப்படகுக்கு 5,714. "அஞ்சு மடங்கா?" என்று விசைப்படகுக்காரர்கள் கேட்பார்கள். நல்ல பாடு வந்த வருஷத்தில் ஆள் பங்குக்காரரைவிட உங்கள் கையில் ஐந்து மடங்குக்கும் குறைவாகவா மிஞ்சியது என்று திருப்பிக் கேளுங்கள், கடன் வட்டியைக் கழித்தே சொல்லட்டும். உண்மையிலேயே குறைவு என்று கணக்கோடு காட்டினால் 4 ஆக்கிக்கொள்ளலாம், படகு பிடிபட்டு இலங்கையில் நிற்கிறவருக்கு அந்த வருஷம் ஆள் பங்கு கணக்கிலேயே போடலாம். எண் எதுவானாலும் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் முடிவாக வேண்டும், பெண்களும் இருக்கும் கூட்டத்தில்.

ஊர் வரிக்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை என்பதை மறக்காதீர்கள். கட்டாதவரைத் தள்ளி வைப்பது, குழாயில் தண்ணீர் எடுக்க விடாதது, கடலுக்குப் போகக்கூடாது என்பது, இதெல்லாம் குற்றம், போலீஸ் வரைக்கும் போகும், போகவும் வேண்டும். வரவு செலவை மன்றத்துச் சுவரில் ஒட்டுங்கள், பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, பாட்டுக் கச்சேரிக்கு எவ்வளவு என்று பிரித்து. சுவரில் ஒட்டுகிற ஊரில் வசூல் தானாக வருகிறது, நோட்டைப் பீரோவில் பூட்டுகிற ஊரில்தான் ஆள் விட்டு வசூலிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக வசூல் தேதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நேரத்தில் 1,143 ரூபாய் கேட்டால் அது வட்டிக்கு வாங்கிய 1,143 ஆகத்தான் வரும். திருவிழா மே மாதம் என்றால் வசூலை முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கி மாதம் 150, 200 என்று எட்டுத் தவணையாக வாங்குங்கள், மார்ச் சம்பள முடிவில் வெளியூர்க்காரர்கள் அனுப்புவதையும் அதோடு சேர்த்து ஏப்ரல் 10-க்குள் நோட்டை மூடிவிடலாம்.